தேய்ந்த ரேகை

“எட்டாயிரத்து அறுநூத்தி நாப்பது சோம், அண்ணே. ரெண்டு மாச மாவு, எண்ணெய், தேயிலை எல்லாம் சேர்த்து.”

கடைக்காரி புரூல் கடன் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். தொக்தோசுன் அதைப் பார்க்கவில்லை. தராசுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்ற மெலிஸைத்தான் பார்த்தார். செங்கல் சூளை முதலாளியின் ஆள் அவன். முதலாளி இந்தத் தடவை ஊர் மன்றத்துக்கு நிற்கிறார்.

“நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க, பெரியவரே,” என்றான் மெலிஸ். “அக்கா இந்தப் பக்கத்தையே அடிச்சிடுவாங்க. உங்க வீட்ல ரெண்டு ஓட்டு. ஊர்ல பாதிப் பேர் கடன் இப்படித்தான் தீர்ந்திருக்கு.”

“ரெண்டு மாசமா சூளையில கல்லு அடுக்குனதுக்குக் கூலி வரல. வந்திருந்தா இந்தக் கடனே கிடையாது. என் கூலியை வச்சு என் கடனைக் கட்டிட்டு, என் ஓட்டையும் உன் முதலாளியே எடுத்துக்குவாரா?”

“அந்த ஓட்டை வச்சு நீங்க என்ன, சூப்பா காய்ச்சப் போறீங்க?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தொக்தோசுன் சிரிக்கவில்லை.

“டீச்சர் கனிஷாய்க்குத்தான் என் ஓட்டு. கூலி கேட்டு எங்களோட பனியில நின்னது அவங்க ஒருத்தர்தான். ‘ஓட்டுக்கு ஒரு சோம் கூடக் கொடுக்க மாட்டேன், யார் கொடுத்தாலும் வாங்காதீங்க’ன்னு அத்தனை பேர் முன்னால சொன்னதும் அவங்கதான். கடனை ஞாயித்துக்கிழமை நானே கட்டுறேன், புரூல்.”

அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

“கடனை அடிக்க வந்தவனை விரட்டிட்டு வந்தியாமே, கிழவா?” என்றாள் மனைவி ஜெய்னெப். “உன் நேர்மையை எத்தனை நாழி வேக வைக்கணும்? அடுப்புல ஏத்தத்தான் கேக்குறேன்.”

அதற்குமேல் பேச்சில்லை. அடுத்த மூன்று நாளும் அவருக்குத் தேநீரைக் கிண்ணத்தின் விளிம்பு வரை நிரப்பியே வைத்தாள். எழுந்து போகட்டும் என்று நினைக்கிற விருந்தாளிக்குத்தான் அப்படி ஊற்றுவார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகத் தேநீர் இருந்தது. வேண்டிய விருந்தாளிக்குச் செய்வதுபோல், குடிக்கக் குடிக்க ஊற்றினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“கையை நீட்டு.”

செம்மறி வால்கொழுப்பை அடுப்பில் காட்டி உருக்கி, அவருடைய ஒவ்வொரு விரல் நுனியிலும் தேய்க்க ஆரம்பித்தாள். முப்பது வருஷம் செங்கல் தூக்கித் தூக்கி ரேகையெல்லாம் தேய்ந்து போன விரல்கள். போன தேர்தலில் வாக்குச்சாவடியில் ரேகை பார்க்கும் இயந்திரம் அவரை அவர்தான் என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. ஓட்டுப் போடாமலே திரும்பி வந்திருந்தார்.

“ராத்திரி துணி சுத்திக்கிட்டுப் படு. தோல் இளகினா மெஷின் எடுத்துக்கும்.”

“நீயா சொல்றே?”

“வாக்குன்னா வாக்குதானே, கிழவா. உன் டீச்சருக்கே போடு. நானும் அவளுக்குத்தான் போடப்போறேன்.”

தொக்தோசுன் இன்னொரு கையையும் நீட்டினார். கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட அவர் பக்கம் சாய்ந்து பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை இயந்திரம் முதல் விரலை ஏற்கவில்லை. இரண்டாவதையும் ஏற்கவில்லை. மூன்றாவதாகக் கட்டைவிரலை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. டீச்சர் பெயருக்கு நேராகக் குறியைப் போட்டு, சீட்டைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு வெளியே வந்தபோது முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்தார். ஜெய்னெப் ஓட்டுப் போடப் போயிருந்தாள். குளிர்காலத்து இறைச்சிக்கென்று வளர்த்த ஒரே ஆட்டை அவிழ்த்துச் சந்தைக்கு ஓட்டிப்போய், ஒன்பதாயிரம் சோமுக்கு விற்றார். அவளுக்குக் கோபம் வரும்தான். ஆனால் நேற்று அந்த விரல்களைத் தேய்த்துவிட்டவளுக்கு இதுவும் புரியும்.

சந்தையிலிருந்து நேராகக் கடைக்குப் போய்ப் பணத்தைப் பலகைமேல் வைத்தார்.

“எண்ணிக்க, புரூல்.”

அவள் தொடவில்லை. “எதுக்கு, அண்ணே?” என்று நோட்டைத் திருப்பினாள். அவருடைய பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் கோடு விழுந்திருந்தது.

“மெலிஸ் வந்தானா?” தொக்தோசுன் கத்தினார். “நான்தான் வேணாம்னு சொன்னேனே! என் ஓட்டு அவன் முதலாளிக்குப் போகல. போய்ச் சொல்லு!”

“மெலிஸ் இல்லண்ணே. நேத்து மத்தியானம் டீச்சரே வந்து மொத்தத்தையும் கட்டிட்டாங்க. ‘நீங்க கட்டலைன்னா எங்க ரெண்டு ஓட்டும் சூளைக்காரருக்கு’ன்னு ஜெய்னெப் அக்காதான் பேசிக் கூட்டிட்டு வந்தாங்க.”

புரூல் குரலைத் தாழ்த்தினாள்.

“‘அவர் விரலை மெஷின் எடுக்கலைன்னா என் பணம் என்னாகிறது?’ன்னு டீச்சர் கேட்டாங்க. ‘அந்த விரலுக்கு நான் பொறுப்பு’ன்னு சொல்லிட்டு, அக்கா இங்கயே வால்கொழுப்பு ஒரு துண்டு வாங்கிட்டுப் போனாங்க. அதையும் டீச்சர் கணக்குலதான் எழுதியிருக்கேன்.”