கோழி சுடுகிற கரி

ஆயக்குடியில் எங்கள் சாயப்பட்டறையின் கழிவுநீர்க் குழாயடியில் கண்ணாடி டம்ளரோடு நிற்கிறேன். கரித்தொட்டியையும் சவ்வு வடிகட்டியையும் தாண்டி வந்த பிறகும் தண்ணீர் ரோஜா நிறமாகவே விழுகிறது. காலை வெயில் அதனூடே புகுந்து என் உள்ளங்கையைச் சிவப்பாக்குகிறது. கரித்தூள் அடைத்த சவ்வு வழியே தண்ணீரைத் தள்ள முடியாமல் பம்பு முனகுகிறது.

“புதுக்கரிதான் மதினி. கொடைக்கானல் ரிசார்ட்டுல வாங்குனேன்” என்கிறான் கொழுந்தன் ஷமீர்.

“ஏலே, அது கோழி சுடுற கரி! சாயத்தை உறிஞ்சுற கரி வேற!”

வேலிக்கு அப்பால் கொய்யாத் தோட்டக்காரர் தண்டாயுதபாணி, “இன்னொரு தடவை எங்கெணத்துல சாயம் எறங்குனா பட்டறையைப் பூட்ட வச்சிருவேம்மா” என்கிறார்.

எந்தக் கரி, எந்தக் கடை என்று என் கணவர் அஸீம் எழுதி வைக்கவில்லை. கேட்டால், “எனக்குத் தெரியும்ல” என்பார். அவர் மவுத்தாகி ஆறு மாதம். அவர்மேல் வந்த கோபத்தில் மோட்டாரை நானே நிறுத்துகிறேன்.