பந்தோபஸ்து டியூட்டி

"சர்க்கார் உத்தியோகத்த உதறிட்டுக் கரண்டி புடிக்கப் போறீகளாம்ல, மாப்ளே?"

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அவன் சட்டியில் கிடந்த மீனைத் திருப்பிப் போட்டான்.

கையில் இருந்தது கரண்டிதான்.

மாமனார் காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருக்கிறார். பாண்டிமீனா அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மெஸ் கைமாறப் போகிறது. போலீஸ் வேலையை விட்டுவிட்டு அதை எடுத்து நடத்தலாமா என்று புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் கொதிப்பதிலும் நியாயம் இருந்தது. தன் உரக்கடைக்கு மூட்டை வாங்க வருகிறவனிடமெல்லாம் மாப்பிள்ளை போலீஸ் என்று சொல்லாமல் மீதிச் சில்லறை கொடுக்காத மனுஷன். ஹெல்மெட் இல்லாமல் மாட்டினால், நம்ம மாப்பிள்ளையும் டிபார்ட்மென்டுதான் என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்.

"போலீசுக்காரருக்குத்தான் பொண்ணக் குடுத்தேன். சமையக்காரனுக்குக் குடுக்கல."

எண்ணெய் தெறித்து முழங்கையில் பட்டது.

அவன் சட்டை போட்டிருக்கவில்லை. கைலியும் பனியனும்தான்.

காக்கிச் சட்டை வெளியே மோட்டார் ரூமில் ஆணியில் தொங்கியது. தினமும் காலையில் தெரு பார்க்க அதை மாட்டிக்கொண்டு கிளம்புவான். பெரிய அதிகாரியின் இந்த பங்களாவுக்கு வந்ததும் கழற்றிவிடுவான். சாயங்காலம் மறுபடி போட்டுக்கொண்டு வீடு திரும்புவான். யார் கேட்டாலும் ஐயாவுக்குப் பந்தோபஸ்து டியூட்டி என்பான்.

ஐயாவின் வயிற்றுக்குத்தான் பந்தோபஸ்து.

பாண்டிமீனாவிடம் அது செல்லவில்லை. சட்டையைத் துவைக்கிறவள் அவள். அதில் வியர்வையை விடத் தாளிப்பு வாசம் அதிகம்.

கயிறு ஏறி, உள்ளங்கைத் தோல் உரிய ஏறி வாங்கிய வேலை. மைதானத்தைச் சுற்றி ஓடி வாந்தி எடுத்திருக்கிறான். சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்திருக்கிறான். அத்தனையும் முடிந்தபிறகு நடந்த உண்மையான இன்டர்வியூவில் ஒரே ஒரு கேள்வி. அவனையும் கூட வந்த இன்னொருவனையும் இந்த வாசலில் நிறுத்தி, ஐயாவின் சம்சாரம் கேட்டார்.

மீன் கழுவத் தெரியுமா?

மற்றவன் தெரியாது என்றான். அவனை ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு அவன் கேஸ் எழுதுகிறான், கோர்ட்டில் போய் நிற்கிறான்.

இவன் உண்மையைச் சொன்னான்.

போலீஸ்காரனை வீட்டு வேலைக்கு ஆர்டர்லியாக வைத்துக்கொள்வதையெல்லாம் அரசாங்கம் என்றைக்கோ ஒழித்துவிட்டதாம். ஆகவே அவன் ஆர்டர்லி இல்லை. கணக்குப்படி இந்த நிமிஷம் அவன் துப்பாக்கியோடு வாசலில் நிற்கிறான்.

கரண்டி பிடிப்பதில் என்ன கேவலம்? அவனுடைய கைப்பக்குவம் அவனுக்கே பிடிக்கும். சொந்தக் கடையில், சொந்தப் பெயரில், உப்புக் கரிக்கிறது என்று திட்டுகிறவனும் காசை வைத்துவிட்டுத் திட்டுகிற இடத்தில் நாள் முழுக்கப் பிடிப்பான். ஊருக்குப் போலீஸ் என்று சொல்லிக்கொண்டு அடுத்தவர் அடுப்படியில் நிற்பதைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு வருஷமாக நிற்கிறான்.

"காதுல விழுகுதா மாப்ளே? துப்பாக்கி புடிச்ச கை கரண்டி புடிக்கிறதா? ஊரு காறித் துப்பாது?"

அவன் போனை வைத்தான்.

ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டான். வீடியோவில் கூப்பிட்டான். போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து நிறுத்தினான்.

திரையில் மாமனாரின் காது தெரிந்தது. காது முழுக்க முடி, மேலே செருகிய பேனா.

"நான் பேசப் பேச வைக்கிறீக. அம்புட்டு ஏறிப்போச்சா?"

"காதுல இருந்து எடுத்துப் பாருங்க மாமா."

பார்த்தார்.

அவன் அடுத்த துண்டு மீனை எடுத்து எண்ணெயில் இட்டான்.

செருப்புச் சத்தம் கேட்டது. ஐயாவின் சம்சாரம் அடுப்படி வாசலில் வந்து நின்றார். கெட்டவர் இல்லை. தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுக்கிறவர்.

"என்னப்பா, இன்னும் மீன் வரல? ஐயாவும் வந்தவங்களும் கை காய உக்காந்திருக்காங்க. பரிமாறி முடிச்சதும் நாயக் குளிப்பாட்டிரு. உண்ணி புடிச்சிருக்கு."

"சரிம்மா."

அவர் போய்விட்டார்.

திரையில் மாமனார் அசையவில்லை. நெட் நின்றுவிட்டது என்று நினைத்தான். நிற்கவில்லை. அவர் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

இனி என்ன சொல்வார் என்று அவனுக்குத் தெரியும். பொறுத்துப் போங்க. ஐயா நாளைக்கே மாறிப் போவாரு. கழுத, வயசானா தன்னால சட்டையில ஏட்டுப் பட்ட ஏறும்.

கடையில் யாரோ யூரியா கேட்டார்கள். அவர் திரும்பவில்லை. இன்னொரு முறை கேட்டார்கள்.

"மாப்ளே."

"சொல்லுங்க மாமா."

"மொதல்ல அந்த அடுப்ப அமத்துங்க."

கூடத்திலிருந்து மீன் கேட்டு மறுபடி குரல் வந்தது. எண்ணெய்ச் சத்தம் அடங்கிவிட்டதால், இந்த முறை தெளிவாகக் கேட்டது.