சின்னப் பாட்டில்

வீட்டில் காய்ச்சிய பீருக்குப் பாட்டில் வாங்க மனைவி கிரேதாவோடு பொபெரிங்கே கடைத்தெருவுக்கு வந்திருந்தார் ஃபிர்மன். வந்ததிலிருந்து அவளோடு மல்லுக்கட்டுதான்.

"இந்தப் பச்சை பாட்டில் அழகா இருக்கே," என்றாள் கிரேதா.

"அழகை வச்சு என்ன பண்றது? வெளிச்சம் பட்டா பீர் நாறிடும். பழுப்புதான் வேணும்."

"அப்ப இது? விலையும் கம்மி."

"கண்ணாடி மெல்லிசு. உங்கண்ணன் வீட்டு நிலவறையில வெடிச்சுதே, மறந்துட்டியா? நம்ம பீர் ரெண்டு வருஷம் ஊறணும். அதைத் தாங்குற பாட்டிலா பாரு."

இரண்டு வருஷம் என்றதும் கிரேதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நேற்று டாக்டர் அவரை மட்டும் உள்ளே அழைத்து வெகுநேரம் பேசியிருந்தார். "ஒண்ணுமில்ல, வெறும் வயித்துப்புண்ணு," என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தவரை அவள் முழுதாக நம்பியிருக்கவில்லை. இப்போது நம்பினாள்.

கனமான பழுப்புப் பாட்டில்களை ஃபிர்மன் தள்ளுவண்டியில் அடுக்கினார். அத்தனையும் சின்னது.

"எப்பவும் பெருசுதானே வாங்குவோம்? ஆளுக்கு ஒரு கிளாஸ் வருமே," என்றாள்.

அவர் அடுத்த பாட்டிலின் வாயை விரலால் தடவி, கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெருசைத் திறந்தா ஒத்தை ஆளா எப்படிக் குடிச்சு முடிப்ப? மிச்சம் வச்சா மறுநாள் வாயில வைக்க முடியாது."

சொன்ன பிறகுதான் அவர் விரல் நின்றது.

கிரேதா அந்தப் பாட்டிலை அவர் கையிலிருந்து வாங்கி, மற்றவற்றோடு வண்டியில் வைத்தாள்.