சக்கர நாற்காலியின் கிறீச்

அந்த ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டில் நின்ற குளுகோஸ் ஸ்டாண்டுக்குச் சக்கர நாற்காலி மேல் ஒரு கண். தன்னைத் தாண்டும்போதெல்லாம் அவள் "கிறீச்" என்று ஆசையாகக் கூப்பிடுவதாக அவன் நம்பினான். எக்ஸ்ரே அறைக்குத் தினமும் ஜோடியாகத்தானே போய்வருகிறார்கள், வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

வாசலோரம் கிடந்த ஸ்ட்ரெச்சருக்கும் அதே நம்பிக்கை. "அவ கூப்பிட்டது என்னை. உன்னை மாதிரி ஒட்டடைக்குச்சியை யாருடா ஏறெடுத்துப் பார்ப்பா?"

"எப்பவும் படுத்தே கிடக்கிறவனுக்குக் கல்யாணம் ஒரு கேடா?" என்று ஸ்டாண்டு எகிறியதில் தலையில் தொங்கிய பாட்டிலே ஆடியது.

ஒருநாள் மெக்கானிக் வந்து நாற்காலியின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். அன்று அவள் சத்தமே இல்லாமல் கடந்து போனாள். ஸ்டாண்டு அவளைக் கூப்பிட்டு நிறுத்தினான்.

"ஏம்மா, என்மேல கோவமா?"

"கோவமா? வலது சக்கரத்துல உயிர் போற வலி. மாசக்கணக்கா கத்தினேன். இது ஆஸ்பத்திரிதானே, ஒருத்தராவது என்னன்னு கேட்டீங்களா?"

ஸ்டாண்டு பெருமையோடு ஸ்ட்ரெச்சர் பக்கம் திரும்பினான்.

"பாத்தியாடா? என்கிட்ட மட்டும்தான் மனசு விட்டுப் பேசுறா."