காலருக்கு உள்ளே ஒரு பூ

இலக்கியா ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை ஒன்றுக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் பிரபாகரன் செத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

புதுத் துணி, ஆகாய நீலம். காலரின் உள்பக்கம், பிடரியில் படுகிற இடத்தில், வெள்ளை நூலில் சின்னதாக ஒரு பூவை எம்ப்ராய்டரி போட்டாள். முடித்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தபோது, எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்புகூட வந்தது. அந்த நேரம் பார்த்தா கண்ணாயிரம் வாசலில் வந்து நிற்க வேண்டும்!

கண்ணாயிரம் பிரபாகரனின் அண்ணன். பிரம்மதேசத்தில் விவசாயம். 'உன் தம்பி பொண்டாட்டி தையல் மெஷின்ல புதுசா ஆம்பளச் சட்டை ஓடுது' என்று அவள் இருக்கும் மரக்காணத்திலிருந்து யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் போன் போட்டுச் சொல்ல, வயலிலிருந்து கால்கூடக் கழுவாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"யாருக்கும்மா இது?"

இலக்கியா மெஷினை விட்டு எழுந்து நின்றாள்.

"வெளிய யாருக்காச்சும் தைச்சுக் குடுக்கறியா?"

"இல்ல மாமா."

பொய் சொல்லத் தெரிந்தவளாக இருந்தால் அங்கேயே தப்பித்திருக்கலாம். அந்த மெஷினில் அவள் ஒரு நாளும் கூலிக்குத் தைத்ததில்லை. ஊரில் இருக்கிற மூன்று தையல் கடைகளே ரெடிமேடு வந்த பிறகு ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. 'என் பொண்டாட்டி நிழல்ல உக்காந்து ஆசைக்குத் தைக்கட்டும்' என்று, உப்பு லாரி ஓட்டிய பிரபாகரன் கல்யாணமான வருஷமே அதை வாங்கிப் போட்டிருந்தான்.

அவளும் ஆசை தீரத் தைத்தாள். தலையணை உறை, ஜன்னல் திரை, மகள் தமிழ்நிலாவின் கவுன் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அடுப்படிக் கரித்துணியில்கூட இரண்டு கிளிகள் உட்கார்ந்திருக்கும். "இந்த வீட்ல நீ பூ போடாம மிச்சம் விட்டது என் ஒருத்தனத்தான்" என்று பிரபாகரன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஐப்பசி மழையில் லாரி கவிழ்ந்ததோடு அந்தச் சிரிப்பும் போயிற்று.

கண்ணாயிரம் சட்டையைப் பிடுங்கித் தன் மேல் வைத்துப் பார்த்தார். சட்டைக் கை அவருடைய விரல்களையே மூடிக்கொண்டு தொங்கியது.

"ஆளு நல்ல உசரமோ?" என்றார். காலரைத் திருப்பியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அடிப்பாவி, உள்ளார யாருக்கும் தெரியாம பூ வேற போட்டு வச்சிருக்கியே!"

சத்தம் கேட்டு, உப்பளத்தில் வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த பெண்கள் தெருவில் நின்றார்கள். தலையில் துண்டு, புடவைக்கு மேலே வெயிலுக்காகப் போட்டுக்கொண்ட புருஷன்மாரின் பழைய சட்டை, விரல்களை மூடித் தொங்கும் அதன் நீளக் கை, முழங்கால்வரை காய்ந்த உப்பு. அவர்களில் சகாயமேரி மட்டும் வாசற்படிவரை வந்து என்னவோ சொல்ல வாயெடுத்தாள். இலக்கியா வேண்டாமென்று தலையசைத்தாள்.

கண்ணாயிரம் அதையும் பார்த்துவிட்டார்.

"ஓகோ! ஊருக்கே தெரிஞ்சிருக்குது, எனக்குத்தான் தெரியலயா? எவனோ ஒருத்தன் சட்டை தொங்கற வீட்ல என் தம்பி புள்ள வளரக் கூடாது. தமிழு, இங்க வா! துணிமணிய எடுத்துக்க. பெரியப்பா வீட்டுக்குப் போலாம்."

பாதி பின்னிய சடையோடு உள்ளேயிருந்து ஓடிவந்த தமிழ்நிலா, அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாயிரம் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்தார்.

"நான் வரல பெரியப்பா... அம்மாகூடத்தான் இருப்பேன்..."

இலக்கியா மகளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். புருஷன் போனான், இப்போது குழந்தையும் போய்விடும் போலிருந்தது. இருந்தும் அந்த ஒரு பதிலைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் பிரபாகரன் இன்னொரு தடவை செத்துப்போவான் என்று தோன்றியது.

"மாமா, அவள விட்டுடுங்க. அவ இல்லன்னா நான் எதுக்கு உயிரோட இருக்கணும்?"

"அப்ப வாயத் தொறந்து சொல்லு. பெத்த புள்ளயவிட அவன் பெருசாப் பூட்டானா? கடைசியாக் கேக்கறேன், யாருக்குத் தைச்ச?"

குழந்தையின் அழுகை பெரிதாகிக்கொண்டே போனது. இலக்கியா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாயிரம் போட்டிருந்தது பிரபாகரனின் சந்தனக் கலர் சட்டை.

"அவரு சட்டையெல்லாம் காரியத்தன்னைக்கு நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்க மாமா. பழசுன்னு வீட்ல ஒண்ணுகூட இல்ல."

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா?"

அவள் அவர் கையிலிருந்த சட்டையை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"எனக்குத்தான் மாமா. நாளைலேர்ந்து நானும் அளத்துல உப்பு வாரப் போறேன்."