கரண்ட் போன ஞாயிறு

முட்டு தேய்ந்து கோயிலுக்கு நடக்க முடியாமல் போனதிலிருந்து என் வீட்டுக்காரி நவமணிக்கு ஞாயிறு ஆராதனை டிவியில்தான். முக்காடு போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் முன்னால் உட்காருவாள்.

"போன வாரம் படம்பிடிச்சதை இன்னைக்குப் போடுறானுவ. அந்தப் போதகருக்கு உன்னைத் தெரியுமாளா?" என்பேன்.

"உங்களுக்கு நாப்பது வருசமாத் தெரியும். என்ன பிரயோசனம்?" என்பாள்.

அன்றைக்குக் கடைசி ஆசீர்வாதத்துக்குக் கட்டிலைப் பிடித்து எழுந்து நின்று தலையைக் குனிந்தாள். போதகர் கையைத் தூக்கினார். கரண்ட் போய்விட்டது.

"உட்காருளா."

"ஆசீர்வாதம் வாங்காம எப்படி உட்கார?"

கால் வெடவெடவென்று நடுங்குகிறது. கரண்ட் வருகிற வழியைக் காணோம். நான் கோயில் வாசலை மிதித்து முப்பது வருசம் இருக்கும். இருந்தாலும் பீடியை அணைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன். சின்ன வயதில் கேட்ட வார்த்தைகள் ஒன்று விடாமல் வந்தன. ஆமென் சொல்லி உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிறு கரண்ட் இருந்தது. போதகர் கையைத் தூக்கியதும் நவமணி டிவியை நிறுத்தினாள். எழுந்து, என் பக்கம் திரும்பி, முக்காட்டைச் சரிசெய்தாள்.

"பீடியைக் கீழ போடுங்க" என்றாள்.