புதன்கிழமைப் பழுது

கழிப்பறைக் கதவில் தொங்கிய 'பழுது' அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு மேனேஜர் உள்ளே போனார். நின்றபடியே ஒன்றுக்குப் போனார். ஒரு தடவை தண்ணீர் விட்டார். தண்ணீர் ஜோராகப் போயிற்று.

வெளியே வந்ததும் ஆபீஸே அதிரக் கத்தினார். “எங்கேய்யா பழுது? புதன்கிழமைக்குப் புதன்கிழமை மட்டும் வர்ற பழுதா இது? கூப்பிடுங்க அந்தப் பக்கெட்டக்காவை!”

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி அது. இருப்பதோ லிஃப்டே இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில். இந்த லட்சணத்தில், தான் ஒரு நாள் வராவிட்டால் ஊரிலுள்ள லிஃப்டெல்லாம் பாதி வழியில் நின்றுவிடும் என்று மேனேஜருக்கு நினைப்பு. அதனால்தான் இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருந்தார். ஆபீஸில் சொல்லி வைத்திருந்தது 'பாங்க் வேலை'.

அவருடைய சிறுநீர்ப்பையிலிருந்த புற்றுக்கட்டியைச் சுரண்டி எடுத்தாயிற்று. மறுபடி தலைதூக்காமல் இருக்க, வாரம் ஒரு தடவை மெல்லிய குழாய் வழியாகப் பைக்குள்ளேயே மருந்தை விடுகிறார்கள். இன்றைக்கு மூன்றாவது வாரம். ஆபீஸில் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது என்பதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

“மூணாவது தடவையா சொல்றேன் சார்,” என்றாள் காலையில் நர்ஸ். “ரெண்டு மணி நேரம் அடக்கி வைங்க. அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு எப்பப் போனாலும் உக்காந்துதான் போகணும். மூடியை மூடிட்டு ரெண்டு தடவை தண்ணி விடணும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும். அந்த மருந்து அடுத்தவங்க மேல தெறிக்கக் கூடாது. மாசமா இருக்கறவங்க மேல படவே கூடாது.”

“என் மூத்திரத்துக்கு இவ்வளவு மரியாதையா? உக்காந்து போக நான் என்ன பொம்பளையா?”

“வீட்டுல யாராவது முழுகாம இருக்காங்களா சார்?”

“வீட்டுல நானும் என் சம்சாரமும்தான். அவளுக்கு அம்பத்தெட்டு வயசு. போதுமா?”

ஆபீஸைப் பற்றி நர்ஸ் கேட்கவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை. தரை துடைக்கும் மாப் நாற்காலிக்கடியில் வந்தபோது, போன இரண்டு வாரமும் போலவே பேச்சை நிறுத்தாமல் இரண்டு கால்களையும் தூக்கிக் கொடுத்தார். நர்ஸ் நீட்டிய விதிமுறைத் தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஆபீஸைக் கூட்டிக் கழுவும் பக்கெட்டக்கா இப்போது கழிப்பறைக்குள்ளிருந்துதான் வந்தாள். அவர் வெளியேறிய கையோடு வாளியும் சோப்புத்தூளுமாக உள்ளே நுழைந்திருந்தாள். இரண்டு கைகளிலும் முழங்கை வரை ரப்பர் உறை.

மேனேஜர் ஒரு நாளும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. இப்போதும் சுவர்க் காலண்டரைப் பார்த்துத்தான் கத்தினார். “கழுவ உடம்பு வணங்கலை, அதுக்கு ஒரு அட்டை! இதுல உறை வேற, பெரிய டாக்டரம்மா! அந்தப் பொண்ணைப் பாரு!”

ரிசப்ஷன் பெண் நெளிந்தாள். அவளுக்கு ஏழாவது மாதம்.

“பிள்ளைத்தாச்சிப் பொண்ணை ரெண்டு மாடி இறங்கி ஏற வைக்கிறியே, உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?”

அடேயப்பா, என்ன கரிசனம்! போன மாதம் இதே பெண் ஸ்கேனுக்கு அரைநாள் லீவு கேட்டபோது, “உலகத்துல நீ ஒருத்திதான் பிள்ளை பெத்துக்கப் போறியா?” என்று கேட்ட அதே வாய்தான் இது.

“பரவாயில்ல சார்,” என்றாள் அவள். “கீழ மூக்குக்கண்ணாடிக் கடையில பாத்ரூம் போக விடறாங்க. அக்காவே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறாங்க.”

“நீ சும்மா இரும்மா, உனக்காகத்தான் பேசறேன்.” மேனேஜர் காலண்டர் பக்கம் திரும்பினார். “நாளையிலேருந்து நீ வர வேண்டாம். கிளம்பு.”

இரண்டு இடத்து வேலையும் சேர்ந்தால்தான் பக்கெட்டக்கா வீட்டில் அடுப்பு எரியும். உறைகளைக் கழற்றி வாளியில் போட்டாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள்.

“சார், உங்க ரூமுக்கு வாங்க. தனியா ஒரு வார்த்தை.”

“தனியா என்ன? எதுவா இருந்தாலும் எல்லார் முன்னாடியும் சொல்லு! எனக்கு ஒளிவு மறைவெல்லாம் கிடையாது.”

கிடையாதாம்! ஆபீஸ் மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அவள் வாயைத் திறந்திருந்தால் அவருடைய மானம் அன்றைக்கே கப்பலேறியிருக்கும். ஆனால் அவள் கிட்டே போய், இடுப்பில் செருகியிருந்த ஒரு தாளை எடுத்து அவர் கையில் வைத்தாள். கசங்கிய தாள், கையால் நீவிவிட்டு நாலாக மடித்தது.

பிரித்துப் பார்த்தவர் சட்டென்று உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

“அட்டையை ஏன் மாட்டறேன்னு சொல்லட்டுமா சார்?” என்றாள் மெதுவாக. “அந்தப் பொண்ணும் இங்கதான் நிக்குது.”

“இது... இது உனக்கு எப்படி...” என்றார், தாளைச் சட்டைப்பையில் திணித்தபடி.

அடுத்தவர் காதில் விழாதபடி அவள் சொன்னாள்.

“காலையில ரெண்டு காலையும் தூக்கிக் குடுத்தீங்களே சார், கீழ துடைச்சிக்கிட்டிருந்தது நான்தான்.”